சாந்தநாயகியை எந்தப் பக்கத்தில் நிறுத்துவது

குப்பம், மாமல்லபுரம் வழி
ஐப்பசி மாதம், 1976

அன்பு மகள் வச்சலாவுக்கு அம்மா ஆதியம்மாள் எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன், உன் அப்பா இருக்கிறார், அவருக்கு இருமல் இருக்கிறது, எனக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆக வீட்டில் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பிரியாமல் சேர்ந்து வாழ்கிறோம். அங்கே பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் குளிரில் நடுங்காமல் நல்லபடி இருக்க கங்கையம்மன் பார்த்துக்கொள்ளட்டும். மூணாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, கொம்பு போட வேண்டிய இடத்தில் காலைப் போட்டிருப்பேன், டீச்சரம்மா சிவப்பு மையை எடுக்காமல் படிக்கவும். சந்தையிலிருந்து வந்து கை கழுவி, உட்கார்ந்து கொஞ்சம், படுத்துக்கொண்டு கொஞ்சம் என்று எழுதுகிறேன். காகிதத்தில் மீன் வாடை அடித்தால் மூக்கைப் பிடிக்காதே, அந்த வாடையில்தான் நீ வளர்ந்தாய்.

கெட்ட சேதி எல்லாம் முதலிலேயே கொட்டிவிடுகிறேன், ஏன் என்று கடைசியில் தெரியும். அப்பாவைச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், டாக்டர் பீடியை விடச் சொன்னார், இவர் தலையை ஆட்டிக் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்று டாக்டர் ரொம்பத் தங்கமான மனுஷன் என்று சொல்லிக்கொண்டே ஒரு பீடியைப் பற்றவைத்தார். நைலான் வலை வாங்கினவர்கள் பக்கம்தான் மீன் போகிறது, நம் பருத்தி வலையைப் பார்த்தால் மீனுக்கே சிரிப்பு வருகிறது போலிருக்கிறது. பஸ்ஸில் கூடையை ஏற்றவிட மாட்டேன் என்கிறார்கள், தண்ணீர் சொட்டுகிறதாம், நாற்றமாம். போன வாரம் திருக்கழுக்குன்றம் சந்தைக்குப் பாதி வழி நடந்தே போனேன், கூடையை இறக்கிவைத்து ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்கவே மனசில்லை. அசதி உடம்பில் இல்லை வச்சலா, எலும்புக்குள்ளே போய்ப் பாய் விரித்துப் படுத்துவிட்டது. சரி, கெட்ட சேதி முடிந்தது. உன் கடிதத்துக்கு வருகிறேன்.

தீபாவளி லீவு முடிந்ததும் பள்ளிக்கூட வேலையை விட்டுவிடுவதாக எழுதிக்கொடுக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அத்தை வந்ததிலிருந்து வீட்டு வேலை சரியாய் நடக்கவில்லை என்று உன் மாப்பிள்ளை முகம் சுளிக்கிறார், நான் இனிமேல் சாந்தநாயகி மாதிரி இருந்துவிட முடிவு செய்துவிட்டேன், நீ கவலைப்படாதே என்றும் எழுதியிருந்தாய். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. இது யாரடி சாந்தநாயகி, பிலாயில் பக்கத்து வீட்டுக்காரியா, இவள் என் மகளுக்குப் புத்தி சொல்ல எங்கிருந்து வந்தாள் என்று கோபம்கூட வந்தது. இங்கே டிஸ்பென்சரியில் ஆயா வேலை பார்க்கிற ரெபேக்காள் மீன் வாங்க வந்தபோது கடிதத்தைக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டு, அது ஆள் இல்லையக்கா, நாவலில் வருகிறவள், வச்சலாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கொடுத்தார்களே அந்தப் புத்தகம் என்றாள். உன் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தால் பாவாடைக்கு அடியில் இருக்கிறது, முன் அட்டையைப் பூச்சி தின்றிருக்கிறது. என் மகள் யார் மாதிரி ஆகப் போகிறாளோ அவளைப் பார்த்துவிடுவது என்று புத்தகத்தைக் கையில் எடுத்தேன்.

நான் விரல் வைத்துப் படித்தால் ஒரு பக்கம் முடிவதற்குள் சோறு குழைந்துவிடும். அதனால் ரெபேக்காள் படிக்க, நாங்கள் கேட்பது என்று ஆயிற்று. ஆவணியிலிருந்து நெத்திலி காய்கிறது, மத்தியானத்தில் காக்காய் ஓட்டிக்கொண்டு சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம். நான், கன்னியம்மா, செங்கம்மாள், எங்களுக்கு நடுவில் ரெபேக்காள். கன்னியம்மாவை உனக்குத் தெரியும், கல்யாணமாகி நம் பக்கத்துக் குடிசைக்கு வந்தவள், வாய் ஓயாது. செங்கம்மாள் அதே கிழக்குக் கோடிதான், அதே வெற்றிலை, அதே வசவு. ரெபேக்காள் வேதம் படித்துப் பழகினவள், அவள் படித்தால் அடுப்பில் எண்ணெய் ஊற்றினாள் என்பதுகூட ஆண்டவர் சொன்னது போல இருக்கும். அவள் படிக்க ஆரம்பித்தால் செங்கம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள், கோயிலில் பாரதம் கேட்கிறபோது உட்காருகிற மாதிரி. எங்களுக்குத் தெரிந்த வாசிப்பு அது ஒன்றுதானே.

கதை உனக்குத் தெரியும், இருந்தாலும் நாங்கள் கேட்டது எப்படி என்று சொல்ல வேண்டாமா. வக்கீல் பெண்டாட்டி சாந்தநாயகி, புருஷன் சாப்பிடாமல் சாப்பிட மாட்டாள், அவன் பட்டணத்தில் வேறொருத்தியோடு தங்கிவிட்டால் இவள் மூன்று வேளையும் இலை போட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அந்த இடத்தில் கன்னியம்மா காக்காய்க்கு எறிய வைத்திருந்த கல்லைக் கீழே போட்டுவிட்டு, "இன்னாமே இது, அவளுக்கு கையி காலு நல்லாத்தான கீது, சோத்த துன்னுட்டு போவறதுக்கு இன்னா நோவு, அவன் அங்க பிரியாணி துன்னுகினு கீறான்" என்றாள். புத்தகத்தில் பிரியாணி இல்லை, அது அவளாகப் போட்டது. செங்கம்மாள் விடவில்லை. "நீ மட்டும் இன்னா, உன் வூட்டுக்காரன் கரை ஏர்ற வரைக்கும் வாயில பச்சத் தண்ணி ஊத்திக்கிறியா" என்று கேட்டாள். அவன் கடல்மேல் போகிறான், எவள் வீட்டுக்கும் போகவில்லை, ரெண்டும் ஒன்றா என்று இவள் கத்த, படிக்கிறதா வேண்டாமா என்று ரெபேக்காள் புத்தகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வஞ்சிர மீன் துண்டம் கொடுத்து மறுபடி திறக்க வைத்தோம்.

நாங்கள் கூடை தூக்குகிறவர்கள், சாந்தநாயகியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டோம் என்று நினைக்காதே. ஒரு நாள் கன்னியம்மா, நம்மள மாதிரி கூடைய தூக்கிகினு சந்தைக்குப் போயிருந்தா அவளுக்கு இந்த கதி வருமா என்று பெருமையாய்ச் சொன்னாள். அப்போது செங்கம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். "கூடைய தூக்கினவ இன்னா ராணியா ஆயிட்டா, இந்த மண்டைல மயிரு தேஞ்சி போச்சி, வித்த துட்ட என் இடுப்புல இருந்து வூட்டுக்காரன் உருவிகினு போனான், கேட்டா அடிச்சான், அவ வூட்டுக்குள்ள அழுதா, நான் ரோட்டுல அழுதேன், அவ்ளோதான்" என்றாள். கன்னியம்மா எழுந்து காக்காய் ஓட்டப் போய்விட்டாள். ரெபேக்காள் இன்னொன்றும் சொன்னாள், பெண்ணுக்குள்ளே ஒரு மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது என்று அந்தக் காலத்தில் ஒரு ஆம்பிளை உட்கார்ந்து எழுதினதே பெரிசு அக்கா, அவரைத் திட்டாதீர்கள் என்று. அதுவும் சரிதான். எழுதினவர் கெட்டிக்காரர், அழவைத்துவிடுகிறார். அழ அழ அவள் செய்ததெல்லாம் சரி என்று தோன்றிவிடுகிறது, அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது.

உன் அப்பா முதலில் இன்னா கச்சேரி இது, நெத்திலிய பாருங்கடி என்று கத்திக்கொண்டிருந்தவர், நாலு நாள் போனதும் சோற்றில் கை வைக்கும்போதே, "இன்னாமே, அந்தம்மா வூட்டுக்காரன் திரும்பி வந்தானா இல்லியா" என்று கேட்க ஆரம்பித்தார். வந்தான், வியாதியோடு வந்தான் என்றேன். பாவம் என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் அன்றைக்குச் சோறு ஆறிப்போகும்.

கடைசி அத்தியாயம் படித்த நாளைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். புரட்டாசி கடைசி, காற்று சரியில்லை, கட்டுமரம் எல்லாம் காலையில் போனது இன்னும் கரைக்கு வரவில்லை. வீட்டுக்குள் உட்கார முடியாமல் எல்லோரும் கரையிலேயே நெத்திலிப் பக்கம் உட்கார்ந்து, பேசாமல் இருந்தால் பயமாய் இருக்கிறது, படி என்றோம். புருஷனுக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்துச் சாந்தநாயகி படுத்துக்கொள்கிறாள், அவன் எழுந்து நடக்கிறான், இவள் அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு செத்துப்போகிறாள். பெண்ணாய்ப் பிறந்தால் இவளைப் போல அல்லவோ பிறக்க வேண்டும் என்று எழுதினவர் ஒரு பக்கத்துக்குப் புகழ்ந்துவிட்டு முற்றும் போட்டுவிட்டார். ரெபேக்காள் மூக்கைச் சிந்திக்கொண்டு புத்தகத்தை மூடினாள். அவ்வளவுதான், செங்கம்மாள் அலறினாள் பார். "மூடாதடி! சாவுல வெச்சி எவளாச்சும் மூடுவாளா, கடல்மேல ஆம்பளைங்க கீறாங்க, தொறடி புத்தகத்த!"

எனக்கும் அது சரி என்றே பட்டது. பாரதம் படிக்கிறவர் எப்பேர்ப்பட்ட சாவு வந்தாலும் அன்றைக்கு அதோடு நிறுத்துவாரா, மேலே போய் ஒரு பிறப்போ ஒரு கல்யாணமோ நாலு அடி படித்துவிட்டுத்தானே கற்பூரம் காட்டுவார். இங்கே மேலே போகப் பக்கம் இல்லை. முற்றும் என்று போட்டுவிட்டான். ரெபேக்காள், இது நாவலக்கா, பாரதம் இல்லை, அப்படியெல்லாம் சாங்கியம் கிடையாது என்று சொல்லிப் பார்த்தாள். செங்கம்மாள் கேட்பாளா. உன் வூட்டுக்காரன் டிஸ்பென்சரி வாசல்ல உக்காந்துகினு கீறான், எங்க வூட்டுக்காரனுங்க அங்க கீறானுங்க என்று கடலைக் கை காட்டினாள். இத்தனைக்கும் தன்னை அடித்த அந்த மனுஷனுக்காகத்தான் அவள் அப்படிப் பதறினாள், அதையும் பார்த்துக்கொள். சரி, பின்னால் போய் ஒரு நல்ல பக்கத்தைப் படித்துவிட்டு மூடுவோம் என்று முடிவாயிற்று.

நல்ல பக்கம் எது? கல்யாணத்தைப் படி என்றேன் நான். மேளமும் பந்தலும் அவ்வளவு அழகாய் எழுதியிருப்பார். கன்னியம்மா வேண்டவே வேண்டாம் என்றாள், "அங்கதான வெனையே ஆரம்பிச்சுது". சரி, பிள்ளை பிறந்த இடம் என்றால், அடுத்த பக்கத்திலேயே அது செத்துப்போகிறது. புருஷன் திரும்பி வந்த இடம் என்று செங்கம்மாள் சொன்னாள், வியாதியோடு வந்தவனைப் படித்தால் நல்ல சகுனமா என்று ரெபேக்காளே கேட்டுவிட்டாள். மாமியார் அவளைப் புகழ்ந்த இடம் ஒன்று இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்த்தால் அன்றைக்கு அவள் பட்டினி. ஊரார் புகழ்ந்த இடம், அன்றைக்கு அவள் தாலியைத் தவிர எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்திருக்கிறாள். எங்கெங்கே அவளை மெச்சி எழுதியிருக்கிறாரோ அங்கெல்லாம் அவளுக்கு ஏதோ ஒன்று போயிருக்கிறது. நாங்கள் பக்கம் பக்கமாய்ப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் காக்காய்கள் நெத்திலியில் விருந்து நடத்திவிட்டன, யாரும் ஓட்டவில்லை. அவ்வளவு தடிப் புத்தகத்தில் அவளை வைத்து நிறுத்த ஒரு நல்ல இடம் கிடைக்கவில்லை வச்சலா. எனக்கு அவள் செத்ததுக்கு வராத அழுகை அப்போதுதான் வந்தது.

கடைசியில் ரெபேக்காள்தான் ஒரு இடத்தைக் கண்டுபிடித்தாள். நீ கவனித்திருக்கவே மாட்டாய். புருஷன் வழக்கு விஷயமாய் வெளியூர் போயிருக்கிறான், மாமியார் கோயிலுக்குப் போயிருக்கிறாள், மழை வருகிறது. சாந்தநாயகி வறுத்த வேர்க்கடலையை மடியில் கட்டிக்கொண்டு கொல்லைப்புற வாசற்படியில் உட்கார்ந்து ரெண்டு காலையும் மழையில் நீட்டிக்கொள்கிறாள், கடலையைத் தின்றுகொண்டு சின்ன வயசுப் பாட்டு ஒன்றை முனகுகிறாள். அரைப் பக்கம்கூட இல்லை. அடுத்த வரியில், ஆனால் தன் கடமை நினைவுக்கு வந்தவளாய் வெட்கமுற்றுத் திடுக்கிட்டெழுந்தாள் என்று இருக்கிறது. ரெபேக்காள் அந்த ஆனாலுக்கு முன்னாலேயே நிறுத்தினாள். செங்கம்மாள் தலையை ஆட்டி, "ஆங், இங்க மூடு" என்றாள். மூடினோம். சாயங்காலத்துக்குள் கட்டுமரம் எல்லாம் கரை சேர்ந்தது, உன் அப்பாவும் இருமிக்கொண்டே இறங்கினார். அது அந்தப் பக்கத்தால் என்று நான் சொல்லவில்லை, காற்று திரும்பியது. அன்று சோற்றில் உட்கார்ந்ததும் அந்தம்மா செத்துப்போச்சு என்று சொன்னேன். அவர் சாப்பிட்டு எழுந்து தட்டைத் தானே கழுவி வைத்தார். ஒரு நாள்தான், மறுநாள் பழைய குருடிதான், ரொம்பச் சந்தோஷப்பட்டுவிடாதே.

பிறகு உன் கடிதத்தை எடுத்தேன். நீ கவலைப்படாதே அம்மா, முடிவு செய்துவிட்டேன் என்கிற இடத்தில் முடித்திருக்கிறாய். அதோடு மடித்துப் பெட்டியில் வைக்க எனக்குக் கை வரவில்லை. உன் பழைய கடிதங்களைப் பிரித்து எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று தேடினேன். கிடைத்தது. போன மார்கழியில் எழுதினது. கடலையே பார்க்காத தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கடல் படம் வரையச் சொன்னாயாம், ஒரு பெண் கடலுக்குச் சிவப்புச் சாயம் அடித்ததாம், ஏன் என்று கேட்டால் ஆலையில் இரும்பு உருக்கும்போது வானம் அப்படித்தானே இருக்கும், கடலிலும் அதுதானே தெரியும் என்றதாம், நீ சிரித்துச் சிரித்துச் சாக்பீஸ் கையால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் மாவானதாம். அந்தக் கடிதத்தைத்தான் இப்போது மேலே வைத்திருக்கிறேன்.

உடனே அம்மா வேலையை விடாதே என்று சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்ளாதே. சொல்லத்தான் வாய் வருகிறது, ஆனால் அந்தப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த எனக்கு யாராவது வந்து இனி கூடை தூக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே காலில் விழுந்திருப்பேன். காலையில் எழுந்து சமைத்து, ஓடி, நின்றுகொண்டே கத்தி, வந்து மறுபடி சமைத்து, உனக்கு உடம்பு முடியவில்லை, போதும் அம்மா என்றால் விட்டுவிடு. ஒரு வருஷம் படுத்துத் தூங்கு, யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டால் நான் வந்து பதில் சொல்கிறேன். அசந்துபோய் வேலையை விடுகிறவளை எனக்குப் புரியும், நானும் அந்த ஜாதிதான். ஆனால் சாந்தநாயகி ஆவதற்காக விடாதே. அவளை நான் முழுசாய்ப் பார்த்துவிட்டேன், அந்த வீட்டில் உனக்கு இடம் இல்லை, அவளுக்கே அரைப் பக்கம்தான் இடம் இருந்தது. நீ எதற்காக விடுகிறாய் என்று உனக்குத்தான் தெரியும், எழுதிக்கொடுக்கும் முன்னால் ஒரு தரம் உன்னையே கேட்டுப் பார்.

மாப்பிள்ளையும் இதைப் படிப்பார் என்று தெரியும், படிக்கட்டும். மாப்பிள்ளை மூர்த்தி அவர்களுக்கு, நீங்கள் சதுரங்கப்பட்டினத்தில் தனியாய் ரூம் எடுத்துத் தங்கியிருந்த காலத்தில் நீங்களே சோறு வடித்து மீன் குழம்பு வைத்து என் வீட்டுக்காரருக்குப் பரிமாறினதை அவர் இன்னும் சொல்லிச் சொல்லி என் குழம்பைக் குறை சொல்கிறார். அந்தக் கை பிலாய்க்குப் போகிற ரயிலில் தொலைந்துபோகவில்லை என்று நம்புகிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். பொங்கலுக்கு அவர்களை இங்கே அனுப்பிவையுங்கள், செங்கம்மாளோடு ஒரு மாசம் உட்காரவைத்து அனுப்புகிறேன், பேச்சுத் துணைக்குத்தான்.

காக்காய் தின்றது போக மிஞ்சின நெத்திலியைத் துணியில் கட்டி வைத்திருக்கிறேன், உன் மாமன் கேசவன் ரயில்வே வேலையாய் அந்தப் பக்கம் வருகிறான், அவனிடம் கொடுக்கிறேன். வந்ததும் ஒரு தரம் வெயிலில் காட்டி டப்பாவில் போடு, மறக்காதே, இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். எண்ணெய் தேய்த்துக் குளி, தலையை ஈரத்தோடு முடியாதே. நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் துணையாய், வயிறும் மனசும் நிறைந்து, நூறாண்டு இருக்க வேண்டும். பதில் எழுதும்போது என்ன முடிவு எடுத்தாலும் எடு, ஆனால் கடைசியில் நீ சிரித்த ஒரு சங்கதியை எழுதி அங்கே நிறுத்து. நான் மடித்து வைக்க வேண்டும்.

நானும் நல்ல இடத்தில்தான் நிறுத்தப்போகிறேன், அதனால்தான் இருமலையும் முழங்காலையும் முதலிலேயே தள்ளிவிட்டேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. செய்யூர்ச் சந்தையில் வாங்கின வேர்க்கடலையை வறுத்து மடியில் போட்டுக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன், ரெண்டு காலும் மழையில் இருக்கிறது, முழங்காலுக்கு இதமாய் இருக்கிறது. உன் அப்பா உள்ளேயிருந்து, "ஏமே, அடுப்பு அணைஞ்சி கீது" என்று குரல் கொடுக்கிறார். கொடுக்கட்டும். நான் எழுந்திருக்கவில்லை.

இப்படிக்கு,
மழையில் கால் நீட்டிக்கொண்டிருக்கும்
உன் அம்மா
ஆதியம்மாள்